இசைவாணி போட்ட நீல டிக்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் காலை ஏழேகாலுக்கு இரண்டு வண்டிகள் வரும். ஒன்று பட்டாசு ஆபீஸ் வேன், இங்கே ஆலைக்குப் பேர் ஆபீஸ்தான்; இன்னொன்று கல்லூரிப் பேருந்து. வள்ளித்தாய் வேனில் ஏறுவாள், அவள் மகள் இசைவாணி பேருந்தில் ஏறுவாள். வேனில் இடம் இல்லையென்றால் வள்ளித்தாய் டிரைவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு, இடுக்கில் ஓர் இடத்தைப் பிடித்துவிடுவாள். பேருந்தில் இடம் இல்லையென்றால் இசைவாணி சூலக்கரை தாண்டும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எம்.காம்., எம்.ஃபில். முடித்த பெண் டிரைவரிடம் போய்ச் சண்டை பிடிக்க முடியுமா? படிப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அந்த வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் இசைவாணிதான். அப்பன் சோணைமுத்து முன்பு காட்டுவேலைக்குப் போனவர். மழை பொய்த்த ஒரு வருடத்தில் தீப்பெட்டி ஆபீஸில் காவலுக்குச் சேர்ந்து, அங்கேயே வயதாகிப்போனார். ஆத்தாள் வள்ளித்தாய்க்குப் பட்டாசுப் பெட்டிகளில் லேபிள் ஒட்டுகிற வேலை. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ஒரு கட்டு லேபிளைக் கையில் கொடுத்தால், "சேப்புக் கலர் விலகியிருக்கு, திருப்பி அனுப்பு" என்று சொல்லிவிடுவாள். பள்ளிக்கூட விடுமுறைகளில் இசைவாணியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டு கட்டாக எண்ணி, ஒவ்வொரு கட்டின் மேலும் நீல மையில் ஒரு டிக் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவள் போடும் டிக்கின் வால் நீளமாக இழுத்துக்கொண்டு போய், நுனியில் சற்று வளையும். எத்தனை பரீட்சைத்தாள் திருத்தினாலும் அந்த வால் குறையவில்லை.

கல்லூரி விருதுநகர்ப் பக்கம் கரிசல் காட்டில் இருந்தது. தாளாளர் உக்கிரபாண்டி அந்தக் காட்டில் பருத்தியும் மிளகாயும் போட்டுப் பார்த்து, கடைசியில் கல்லூரியைப் போட்டவர். நல்ல விளைச்சல். மனிதர் கெட்டவரில்லை, யாரையும் ஒருமையில் கூப்பிடமாட்டார். ஆனால் ஆசிரியர்களைப் பற்றிப் பேசும்போது "நம்ம ஆளுக" என்றுதான் சொல்லுவார். அவர் மகள் கல்யாணத்தில் வேதியியல் துறை பன்னீர் தெளித்தது, இயற்பியல் துறை வாகனங்களை ஒழுங்குபடுத்தியது, வணிகவியல் துறை பந்தி விசாரித்தது. இசைவாணி அன்றைக்கு அப்பள வரிசையில் நின்றாள். தமிழ்த்துறைக்கு வாழ்த்து மடல் படிக்கிற வேலை என்பதால் மற்றத் துறைகளுக்குக் கொஞ்சம் பொறாமை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் 2008-ம் வருடம் தொடங்கியவுடனே ஒரு கல் விழுந்தது. ஆசிரியர் கூட்டத்தில் உக்கிரபாண்டி எழுந்து, இனி டாக்டர் பட்டம் இல்லாதவர்களைப் பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளாதாம் என்றார். "ரெண்டாயிரத்துப் பத்து ஜூனுக்குள்ள பட்டம் வாங்கினவுக இருங்க. வாங்காதவுக சங்கடப்படாம வேற சோலி பார்த்துக்கிடுங்க," என்று கும்பிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினோம் என்று இசைவாணிக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. வேலை போனால் விஸ்வநத்தத்தில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது லேபிளும் பசையும்தான். என் மகள் அந்த வேனில் ஏறவே கூடாது என்று வள்ளித்தாய் இருபது வருடம் அந்த வேனில் போய்வந்தாள். இசைவாணிக்கு அந்தப் பட்டம் கௌரவத்துக்கு இல்லை, சோற்றுக்கு.

நல்லவேளையாக அவள் மூன்று வருடங்களுக்கு முன்பே ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தாள். வழிகாட்டி பேராசிரியர் கற்பகவல்லி, பக்கத்து ஊர்க் கல்லூரியில் துறைத்தலைவர். நல்ல படிப்பாளி, நல்ல மனசுக்காரர், முடிவை மட்டும் முன்கூட்டியே எடுத்துவைத்திருப்பார். ஆராய்ச்சித் தலைப்பையும் அவர்தான் முடிவு செய்தார். "சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்களின் பணிச் சுதந்திரம்: ஓர் அளவீடு." இசைவாணிக்குக் காலண்டர் வியாபாரத்தைப் பற்றி ஆராய வேண்டுமென்று ஆசை. மேடத்திடம் அதைச் சொல்லவில்லை. சுதந்திரத்தைப் பற்றி ஆராயச் சொன்னால் ஆராய்ந்துவிட்டுப் போகவேண்டியதுதானே.

ஆத்தாள் ஒருநாள், அப்படி என்னதான் எழுதுகிறாய் என்று கேட்டாள். வாத்தியார்கள் எந்தெந்த விஷயத்தில் சுயமாக முடிவெடுக்கிறார்கள் என்று அளக்கிறேன் என்றாள் மகள். வள்ளித்தாய் பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அதுக்கு ஏன் புள்ள ஃபாரம்? ஒரு நா இந்தச் சோலிய நான் பாக்க மாட்டேன்னு சொல்லச் சொல்லு. தெரிஞ்சிரும்," என்றாள். இசைவாணி சிரித்துக்கொண்டாள். பாவம், ஆத்தாளுக்கு ஆராய்ச்சி முறையியல் தெரியாது.

ஃபாரம் தயாரானது. நாற்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் "முழுமையாக ஒப்புகிறேன்", ஐந்தாவது "முழுமையாக மறுக்கிறேன்". பாடத்தை எப்படி நடத்துவது என்பதை நானே முடிவு செய்கிறேன், மதிப்பெண் போடுவதில் யாரும் தலையிடுவதில்லை என்று வரிசையாகப் போகும். முப்பத்தோராவது வாக்கியம் அவளே யோசித்து எழுதியது. "மேலிடத்தில் இருப்பவர் சொல்வது தவறென்றால் மறுத்துச் சொல்ல என்னால் முடியும்." அதை எழுதிய அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாள். ஃபாரத்தின் அடியில் பெயர், கையெழுத்து, "முதல்வர் வழியாக" என்று மூன்று வரிகள் வேண்டும் என்று, அவள் கல்லூரியும் மேடத்தின் கல்லூரியும் உட்பட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆறு கல்லூரிகளின் முதல்வர்களும் கேட்டார்கள், சேர்த்தாள். சுதந்திரம் முறையான வழியில் போய்ச்சேர வேண்டுமே.

அச்சடிக்க சிவகாசியை விட்டால் வேறெங்கே போவது? சங்கரலிங்கம் அண்ணாச்சியின் அச்சகத்துக்குப் போனாள். ஜூன் மாதம், காலண்டர் சீசன். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளிவந்தாக வேண்டும், அச்சகம் முழுக்க முருகனும் லட்சுமியும் காய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நானூறு ஃபாரம் என்று போய் நின்றால் வேறு யாராவதாக இருந்தால் துரத்தியிருப்பார்கள். அண்ணாச்சிக்கு வள்ளித்தாயைத் தெரியும். முருகன் காலண்டர் தாளில் ஓரத்தில் கொஞ்சம் இடம் சும்மா போகிறது, அதில் இந்த ஃபாரத்தையும் ஏற்றிக் கலரிலேயே ஓட்டி, வெட்டும்போது தனியாக வெட்டிக்கொள்ளலாம் என்றார். சிவகாசியில் ஒரு விரல் தாளைக்கூட வீணாக்கமாட்டார்கள். டிக் போட்டால் கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்க்க ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொன்னார். இசைவாணி தன் நீலப் பேனாவை எடுத்து, நின்ற நிலையிலேயே, முதல் கட்டத்தில் வரிசையாக நாற்பது டிக் போட்டாள். அழகாக அடங்கியது. அந்தத் தாளையும் டிக் போடாத தாளையும் சேர்த்துக் கொடுத்தாள்.

மறுவாரம் அண்ணாச்சி போன் செய்து வரச்சொன்னார். "புரூஃப் பார்த்துட்டுப் போறீகளா டீச்சர்?" என்று கேட்டார். வாசலில் கல்லூரி ஜீப் நின்றது. மே, ஜூன் வந்தால் ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கல்லூரிக்குப் பிடித்துவர வேண்டும், தலைக்குப் பத்து அட்மிஷன். இசைவாணிக்கு ஏழுதான் ஆகியிருந்தது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, கட்டைப் பிரித்து ஆறு கல்லூரிக்கும் நேரடியாகப் பார்சல் போட்டுவிடுங்கள் என்று முகவரிகளைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். அன்றைக்கு எட்டாவது அட்மிஷனும் ஒன்பதாவது அட்மிஷனும் கிடைத்தன.

ஆகஸ்டு முடிவதற்குள் ஃபாரங்கள் திரும்பிவந்தன. நானூறில் முந்நூற்று எண்பத்தேழு. கற்பகவல்லி மேடம் தன் வாழ்நாளில் இப்படிப் பார்த்ததில்லை. வழக்கமாகப் பாதி வந்தாலே பெரிய விஷயம். "ஆசிரியர்கள் ஆர்வத்தோட பங்கெடுத்திருக்காக. இதையே ஒரு முடிவா எழுதலாம் இசை," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இசைவாணி கட்டுகளை வீட்டுத் தரையில் பரப்பி, எண்களைக் குறிக்க உட்கார்ந்தாள். முதல் ஃபாரம், நாற்பதும் முழுமையாக ஒப்புகிறேன். இரண்டாவதும் அப்படியே. ஐம்பது ஃபாரம் தாண்டியும் அப்படியே. அடேயப்பா, நம் வட்டாரத்தில் ஆசிரியர்கள் இவ்வளவு சுதந்திரமாகவா இருக்கிறார்கள் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர் கொண்டுவந்த வள்ளித்தாய் குனிந்து பார்த்தாள். ஒரு ஃபாரத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். விரலை நாக்கில் தொட்டு ஒரு டிக்கின் மேல் அழுத்தித் தேய்த்தாள். விரலில் நீலம் ஒட்டவில்லை.

"இது பேனா இல்ல புள்ள, அச்சு. அதுலயும் இது ஒன் கையில்ல? வாலப் பாரு."

இசைவாணி தானும் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். அவர் பதறிப்போய் விசாரித்துவிட்டு வந்து உண்மையைச் சொன்னார். அச்சுக்குப் பிளேட் போடுகிற ஆள் அவசரத்தில் டிக் போட்ட தாளை ஏற்றிவிட்டான். கலர் ஓட்டம் என்பதால் அவள் பேனா நீலம் அப்படியே விழுந்திருக்கிறது. எல்லாம் மறுபடி அடித்துத் தருகிறேன், மன்னிச்சிருங்க டீச்சர் என்று நாலு தடவை சொன்னார். சொல்லி என்ன? ஆறு கல்லூரிகளில் முந்நூற்று எண்பத்தேழு ஆசிரியர்கள், எம்.ஏ., எம்.எஸ்ஸி., அதற்கு மேலும் படித்தவர்கள், தங்கள் சுதந்திரத்தைப் பற்றி வேறு யாரோ ஏற்கெனவே பதில் போட்டிருந்த தாளை வாங்கி, பெயரெழுதி, கையெழுத்துப் போட்டு, முதல்வர் வழியாக அனுப்பிவைத்திருக்கிறார்கள். முதல்வர்தான் டிக் போட்டிருப்பார் என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். பல்கலைக்கழகமே இப்படித்தான் அனுப்புகிறது போலும் என்று முதல்வர்கள் நினைத்தார்கள். ஒருவர் ஃபாரத்தின் ஓரத்தில், "எங்கள் வேலைப்பளுவைக் குறைத்தமைக்கு நன்றி" என்று எழுதியிருந்தார்.

கோபம் கோபமாக வந்தது இசைவாணிக்கு. மனுசர்களா இவர்கள் என்று திட்டிக்கொண்டே தன் கல்லூரிக் கட்டை விசிறிப் பார்த்தாள். நடுவில் ஒரு ஃபாரத்தில் இருந்த பெயர் தெரிந்த பெயராக இருந்தது. சோ. இசைவாணி, வணிகவியல் துறை. கையெழுத்து அவளுடையதேதான். ஜூலையில் அட்மிஷன் கேன்வாஸ் முடிந்து அலுத்துவந்த ஒரு சாயங்காலம், எல்லா ஆசிரியரும் தர வேண்டும், கல்லூரிக் கணக்குக்கு அறுபத்துநாலு ஃபாரம் வந்தாக வேண்டும் என்று ஆபீஸிலிருந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். அதில் தன் கை டிக்குகள் இருந்ததைப் பார்த்து, முன்னாலேயே போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டது இப்போதுதான் ஞாபகம் வந்தது. திட்டுவதை நிறுத்திவிட்டு அடுத்த ஃபாரத்தை எடுத்தாள்.

ஆனால் ஒரே ஒரு ஃபாரம் வேறு மாதிரி இருந்தது. அச்சடித்த டிக்குகளில் பலவற்றைக் கறுப்பு மையில் அடித்துவிட்டு, நாலாவது ஐந்தாவது கட்டங்களில் புது டிக். முப்பத்தோராவது வாக்கியத்தில் இரண்டு கோடு போட்டு அடித்து, முழுமையாக மறுக்கிறேன். பெயர் பிரபாகரன், வேதியியல். அவள் கல்லூரிதான், சேர்ந்து ஒரு வருடமே ஆன ஒப்பந்த ஆசிரியர். இசைவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்திருக்கிறானே ஒருத்தன்! மறுநாள் ஆய்வகத்துக்கே போய், ஃபாரத்தைக் காட்டி, உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது தம்பி என்றாள்.

பிரபாகரன் ஃபாரத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான்.

"யக்கா, அது பிரின்சிபால் சார் சொன்னது. அம்புட்டும் ஒரே மாதிரி இருந்தா நாம மிரட்டி வாங்குனதா நினைப்பாக, நீ மட்டும் கொஞ்சம் மாத்திப் போடுய்யான்னாக. எதை மாத்தணும்னு பென்சில்ல குறிச்சும் குடுத்தாக." ஃபாரத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். "தப்பா எதுவும் இல்லையேக்கா?"

தப்பில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்கு ராஜினாமா எழுதலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு வேறொன்று தோன்றியது. இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு யாருக்குக் கிடைக்கும்? நாற்பது கேள்வி கேட்டும் அளக்க முடியாததை ஓர் அச்சுப் பிழை ஒரே அடியில் அளந்து கொடுத்துவிட்டதே! பத்து நாள் உட்கார்ந்து பதினெட்டுப் பக்கம் எழுதினாள். அச்சகத்தில் நடந்தது, பார்சல் போனது, நன்றி சொன்னவர், பிரபாகரனின் பெயர் சொல்லாமல் பென்சில் குறி, கடைசியில் தன் கையெழுத்து, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல் தானாக எழுதியது அந்தப் பதினெட்டுப் பக்கம்தான். எழுதும்போது பசி தெரியவில்லை.

கற்பகவல்லி மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படித்தார். இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். முடித்துவிட்டு, இது நன்றாக இருக்கிறது, ஆனால் இது ஆராய்ச்சி இல்லை, அச்சுப் பிழை என்றார். ஆறு கல்லூரி நிர்வாகமும் சும்மா இருக்குமா, உன் தாளாளர் சும்மா இருப்பாரா என்று கேட்டார். இசைவாணி அன்றைக்குக் கொஞ்சம் துணிச்சலாகத்தான் இருந்தாள். பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மேடம், உங்க ஃபாரமும் இதுல இருக்கு."

மேடம் பார்த்தார். கேள்விகளைத் தயாரித்தவர், திருத்தியவர், ஒப்புதல் தந்தவர். அடியில் அவருடைய முத்தான கையெழுத்து. அவர் அந்தத் தாளை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"முந்நூத்தி எண்பத்தாறுன்னு போட்டுக்க," என்றார். பிறகு குரலை இறக்கி, "எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு இசை. ஆனா ஒனக்குப் பட்டம் வேணுமா, வேணாமா? நீயே முடிவு பண்ணு," என்றார்.

மூன்றரை வருடத்தில் மேடம் அவளை முடிவெடுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. இசைவாணிக்கு வேனும், வேனில் இடம் பிடிக்கிற ஆத்தாளும், 2010 ஜூனும் வரிசையாக ஞாபகம் வந்தன. "நீங்க சொல்றபடி செய்றேன் மேடம்," என்றாள்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதில் சொல்லியிருந்ததால் கணினி கணக்கே போட மறுத்தது. அங்கங்கே நாலும் மூணும் தூவிவிடு என்று மேடம் வழி சொன்னார். இசைவாணி இரண்டு வாரம் உட்கார்ந்து, முந்நூற்று எண்பத்தாறு பேருக்கும் அவரவர் வயது, அனுபவம் பார்த்து அளவான கருத்து வேறுபாட்டைப் பங்கிட்டுக் கொடுத்தாள். பெண்களுக்குக் கொஞ்சம் குறைவாக, ஓய்வுபெறப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் தாராளமாக. பணிச் சுதந்திரம் மிக உயர்ந்த நிலையில் உள்ளது என்று முடிவு வந்தது. பதினெட்டுப் பக்கமும் வள்ளித்தாயின் தகரப்பெட்டிக்குள் சேலைக்கு அடியில் போயிற்று. ஃபாரங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டாள். பழைய பேப்பர் வெடிக்குழாய் சுற்றப் போகிற ஊர் இது. அந்த ஆசிரியர்களின் சுதந்திரம் அடுத்த தீபாவளிக்கு எங்கேயாவது சத்தமாக வெடித்திருக்கும்.

2009 டிசம்பரில் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முப்பத்தோராவது வாக்கியம் மிக நுட்பமானது என்று பாராட்டினார். பட்டம் வந்தது, கல்லூரி வாசலில் பேனர் வைத்தார்கள், உக்கிரபாண்டி பொன்னாடை போர்த்தினார். சோணைமுத்து முன்வரிசையில் உட்கார்ந்து அழுதார். வள்ளித்தாய் அழவில்லை. மறுநாள் வேனில் அவளாகக் கேட்காமலே சன்னல் ஓர இடம் கிடைத்ததாம்.

பொங்கல் முடிந்ததும் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். கல்லூரிக்குத் தரம் போட வெளியிலிருந்து குழு வருகிறதாம். ஆசிரியர்கள் நிர்வாகத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்பார்களாம். "இனிமே அந்தப் பொறுப்பு நம்ம டாக்டரம்மாதான். முன்ன நீங்க ஒரு ஃபாரம் குடுத்தீகளே, அது ரொம்ப வசதியா இருந்துச்சு. பதிலையும் போட்டே குடுத்துட்டா நம்ம ஆளுகளுக்கும் அலைச்சல் இல்ல பாருங்க. அதே மாதிரி அடிச்சிருங்க," என்றார். அவர் கிண்டல் பண்ணவில்லை. மனசார மெச்சித்தான் சொன்னார்.

இசைவாணிக்குத் தொண்டைவரை வந்தது. அது பிழை ஐயா என்று சொல்லலாம். இது தப்பு ஐயா என்று சொல்லலாம். இப்போது அவளிடம் பட்டம் இருக்கிறது, வேலையை யாரும் பிடுங்க முடியாது, இதற்காகத்தானே அத்தனையையும் விழுங்கினாள்.

"சரிங்கய்யா," என்றாள்.

சிவகாசியில் சங்கரலிங்கம் அண்ணாச்சி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பழைய உறுத்தல் அவருக்கு இன்னும் போகவில்லை. "இந்தத் தடவ நானே கூட நின்னு பாக்கேன் டாக்டரம்மா. டிக் இல்லாத தாளைத்தான் ஏத்துவேன், பயப்படாதீக," என்றார்.

இசைவாணி பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தாள். ஒன்றில் எல்லா டிக்கும் முதல் கட்டத்தில். மற்றொன்றில் சில டிக்குகள் நாலாவதிலும் மூன்றாவதிலும் தள்ளிப் போடப்பட்டிருந்தன. எல்லாம் நீல மை, வால் நீளமான டிக்.

"டிக் இருக்கணும் அண்ணாச்சி. நூத்துக்கு அஞ்சு மட்டும் இந்த ரெண்டாவது தாளைப் பார்த்து அடிங்க."

அண்ணாச்சி இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பிளேட் போட்டு ஒரு தாள் எடுத்துவரச் சொல்லிவிட்டு, பழக்கத்தில், "புரூஃப் பார்த்துட்டுப் போறீகளா?" என்றார்.

இந்த முறை வாசலில் ஜீப் நிற்கவில்லை, அவசரம் ஒன்றுமில்லை. அவள் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது, காதெல்லாம் சுட்டது. ஈரம் காயாத தாளை மடியில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, ஒவ்வொரு டிக்கும் அதனதன் கட்டத்துக்குள் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். எங்கும் ஒரு பிழைகூட இல்லை. 'சரி' என்று எழுதி, டாக்டர் சோ. இசைவாணி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.